7.4 வோல்ட்தானே, என்ன ஆகிடும்? ரோபோ கைக்கு பேட்டரி கொடுக்கும் முன்

போன எபிசோடில் சர்வோ மோட்டாரை கோடு எழுதித் திருப்புவது பற்றிப் பேசினோம். அதுக்கப்புறம் வந்த கேள்விகள் சுத்திச் சுத்தி ஒரே இடத்துக்கு வந்தன. "ஒரு சர்வோ யுஎஸ்பியிலேயே ஓடுது. ஆறையும் மாட்டினா ஆர்டுயினோ ரீசெட் ஆகுது, கை துடிக்குது. பேட்டரி போட்டா சரியாகிடுமா?"

ஆகும். ஆனா பேட்டரியை எப்படி மாட்டுறீங்க என்பதுதான் முழுக் கதையும். நான் அடிப்படையில் சாஃப்ட்வேர் ஆள். என் வேலையில் தப்பு நடந்தா எரர் மெசேஜ் வரும், திருத்திட்டு மறுபடி ஓட்டலாம். வயரிங்கில் எரர் மெசேஜ் என்பது புகை. அதனால இன்னைக்கு கோடு கொஞ்சம்தான், வயர்தான் அதிகம்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்குவோம். ஆறு மூட்டு உள்ள மேசை மேல் ரோபோ கை. அடி, தோள், முழங்கை மூன்றுக்கும் எம்ஜி996ஆர் சர்வோ. மணிக்கட்டு இரண்டு, பிடி ஒன்று, இந்த மூன்றுக்கும் சின்ன எம்ஜி90எஸ். கட்டுப்படுத்த ஒரு ஆர்டுயினோ ஊனோ, அதோடு பிசிஏ9685 சிப் உள்ள 16 சேனல் சர்வோ போர்டு. பேட்டரி, இரண்டு செல் லித்தியம் பாலிமர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சுற்று நடந்தா இது எல்லாமே ஒரே பையில் வந்துவிடும். கல்லூரி புராஜெக்ட்டுகளிலும் அதிகமா பார்க்கிற செட் இதுதான்.

முதல்ல ஏன் ரீசெட் ஆகுதுன்னு பார்ப்போம்.

எம்ஜி996ஆர் சும்மா அசையும்போது அரை ஆம்பியரிலிருந்து 0.9 ஆம்பியர் வரை இழுக்கும். அதே சர்வோ, எடையைத் தூக்க முடியாமல் மாட்டி நின்றுவிட்டால், 6 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் வரை போகும். இதுக்கு ஸ்டால் கரண்ட்னு பேர். மாட்டி நின்றால்தான் இப்படி ஆகும்னு நினைக்காதீங்க. நின்ற இடத்திலிருந்து மோட்டார் கிளம்பும் அந்த முதல் சில மில்லி செகண்டும் மோட்டாருக்கு ஸ்டால் மாதிரிதான். அதாவது ஒவ்வொரு அசைவின் தொடக்கத்திலும் ஒரு கரண்ட் கூர்முனை உண்டு.

கணக்குப் போடுங்க. பெரிய சர்வோ மூன்றுக்கு 7.5 ஆம்பியர். சின்னது மூன்றுக்கும் ஆளுக்கு ஒரு ஆம்பியர்னு தாராளமா வைத்தால் மொத்தம் 10.5. எல்லாமே ஒரே நேரத்தில் ஸ்டால் ஆவது அபூர்வம், இருந்தாலும் வடிவமைக்கும்போது மனசில் வைக்க வேண்டிய எண் இதுதான்.

இப்ப ஊனோ பக்கம் பாருங்க. யுஎஸ்பியிலிருந்து வரும் மின்சாரத்துக்கு போர்டில் 500 மில்லிஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று இருக்கு, தானாகவே மீளும் வகை. அரை ஆம்பியர் வாசலில் பத்து ஆம்பியர் கூட்டம். சர்வோ கிளம்பின உடனே 5 வோல்ட் லைன் சரியும். போதுமான அளவு சரிந்தால் ஊனோவில் உள்ள சிப், வோல்டேஜ் போதவில்லை என்று தானே ரீசெட் ஆகும். ரீசெட் ஆனதும் உங்க கோடு முதல் வரியிலிருந்து ஓடும், எல்லா சர்வோவையும் தொடக்க நிலைக்குப் போகச் சொல்லும், எல்லாம் ஒன்றாகக் கிளம்பும், மறுபடி சரியும். அந்தத் துடிப்பு இதனால்தான். கோடில் பக் தேடி ராத்திரி முழுக்க உட்காராதீங்க.

மூளைக்கு ஒரு வழி, தசைக்கு ஒரு வழி

தீர்வின் அடிப்படை இதுதான். ஆர்டுயினோவுக்கு ஒரு மின்வழி, சர்வோக்களுக்கு முற்றிலும் வேறொரு மின்வழி. இரண்டுக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று, கிரவுண்ட்.

பிசிஏ9685 போர்டு இந்தப் பிரிவினையை மனசில் வைத்துத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கு. பக்கவாட்டில் ஆறு பின் இருக்கும். கிரவுண்ட், ஓஇ, எஸ்சிஎல், எஸ்டிஏ, விசிசி, வி பிளஸ். இதில் விசிசி என்பது சிப்புக்கான மின்சாரம். ஊனோவின் 5 வோல்ட்டிலிருந்து இதைக் கொடுக்கலாம், சில மில்லிஆம்பியர்தான் போகும். வி பிளஸ் என்பது சர்வோக்களுக்கான மின்சாரம். மேலே உள்ள ஸ்க்ரூ டெர்மினலோடு இது நேரா இணைந்திருக்கு.

கவனிக்க வேண்டிய இடம் இங்கதான். விசிசி, வி பிளஸ் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கு, பேரும் கிட்டத்தட்ட ஒன்று. ஆறு பின் இருக்கேன்னு ஆறையும் ஆர்டுயினோவில் மாட்டுபவர்கள் நிறைய பேர். வி பிளஸ்ஸை ஊனோவின் 5 வோல்ட்டில் மாட்டிவிட்டு, ஸ்க்ரூ டெர்மினலில் 6 வோல்ட் கொடுத்தால், அந்த 6 வோல்ட் திரும்பி ஊனோவுக்குள் போகும். விசிசியும் அதே 5 வோல்ட்டில்தானே இருக்கு? பிசிஏ9685 சிப்புக்கு 5.5 வோல்ட்தான் உச்ச வரம்பு. யுஎஸ்பியும் மாட்டியிருந்தால் உங்க லேப்டாப் வரைக்கும் அந்தத் தள்ளல் போகும். அதனால பக்கவாட்டு வி பிளஸ் பின்னை காலியா விடுங்க. என் மேசையில் அந்தப் பின் மேல ஒரு துண்டு டேப் ஒட்டியே இருக்கும்.

கிரவுண்ட் ஏன் பொதுவா இருக்கணும்? சர்வோவுக்குப் போகும் சிக்னல் ஒரு வோல்டேஜ் துடிப்பு. 20 மில்லி செகண்டுக்கு ஒரு முறை, ஒன்றிலிருந்து இரண்டு மில்லி செகண்ட் அகலத்தில் வரும். வோல்டேஜ் என்றாலே எதற்கு மேல் எவ்வளவு என்ற கேள்வி உண்டு. கட்டடத்தில் மூணாவது மாடின்னு சொன்னா தரைத்தளம் எதுன்னு ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணம் இருக்கணும் இல்லையா, அது மாதிரி. கிரவுண்ட் சேராத சர்வோ சிக்னலைப் புரிந்துகொள்ளாமல் தன்னிஷ்டத்துக்கு ஆடும்.

ஆனா கிரவுண்டில் ஒரு பொறி இருக்கு. சர்வோவில் இருந்து திரும்பும் கனமான கரண்ட், ஸ்க்ரூ டெர்மினலின் மைனஸ் வழியா பேட்டரி பக்கம் போகணும். ஊனோவுக்குப் போகும் மெல்லிய கிரவுண்ட் வயர் சிக்னலுக்கு மட்டும். ஊனோவுக்கும் அதே பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்திருக்கீங்கன்னு வைங்க. ஸ்க்ரூ டெர்மினலின் மைனஸ் லூசாகிவிட்டால், ஆறு சர்வோவின் கரண்டும் திரும்ப வேறு வழி தேடும். கிடைக்கிற வழி அந்த ஒற்றை மெல்லிய ஜம்பர் வயரும் ஊனோ போர்டும்தான். கை வேலை செய்துகொண்டே இருக்கும், வயர் மட்டும் சூடாகும். பாசிட்டிவ் லூசானால் கை நிற்கும், உடனே தெரியும். நெகட்டிவ் லூசானால் தெரியாது. அதனால திருகை இறுக்கினதும் வயரை ஒரு தடவை இழுத்துப் பாருங்க, குறிப்பா மைனஸ் பக்கம்.

மேசை மேல் வைக்கும் கைக்கு, ஊனோவை லேப்டாப் யுஎஸ்பியிலேயே விட்டுவிடுவது எளிது. நகரும் ரோபோ என்றால் தனி பவர் பேங்க் கொடுக்கலாம். சில பவர் பேங்குகள், இழுக்கும் கரண்ட் ரொம்பக் குறைவா இருந்தால் போன் சார்ஜ் முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சு தானா அணைஞ்சிடும். ஊனோ இழுப்பது அந்த அளவுக்குக் குறைவுதான், அதையும் சோதித்துப் பார்த்துக்கோங்க.

பேட்டரியை நேரா மாட்டலாமா?

கூடாது. இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி மேல 7.4 வோல்ட்னு எழுதியிருக்கும். அது சராசரி எண். முழு சார்ஜில் ஒரு செல்லுக்கு 4.2 வீதம் 8.4 வோல்ட் இருக்கும். எம்ஜி996ஆரின் வரம்பு 7.2, எம்ஜி90எஸ்ஸின் வரம்பு 6. நேரா மாட்டினால் சின்ன சர்வோக்கள் முதல்ல போகும்.

நடுவில் வோல்டேஜை 6க்கு இறக்கும் ஒரு கன்வெர்ட்டர் வேணும். இங்கே எல்லாரும் எடுப்பது எல்எம்2596 சிப் உள்ள நீல நிற மாட்யூல். விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஆனா அந்த சிப்பின் உச்சம் 3 ஆம்பியர், அந்தச் சின்ன போர்டில் தொடர்ந்து 3 கேட்டால் கை வைக்க முடியாத சூடாகும். அதோடு உள்ளே வரும் வோல்டேஜ் வெளியே போவதைவிட ஒன்றரை வோல்ட் அளவாவது கூட இருக்கணும். பேட்டரி 7 வோல்ட்டுக்கு இறங்கினால் அதால் 6 கொடுக்க முடியாது. நம்ம கணக்கு 10 ஆம்பியர். ஆர்சி கார், விமானக்காரர்கள் பயன்படுத்தும் யூபிஇசி என்ற வகை இதுக்குப் பொருத்தம். 6 வோல்ட், 10 ஆம்பியர் தாங்குவதை எடுங்க. காசு கூடத்தான். இந்தச் செட்டில் காசை மிச்சம் பிடிக்க வேறு இடம் பாருங்க, இங்கே வேண்டாம்.

திருகு வைத்து வோல்டேஜை மாற்றும் மாட்யூல் என்றால், சர்வோ எதையும் மாட்டாமல், மல்டிமீட்டர் வைத்து 6 வோல்ட் அமைத்துவிட்டு அப்புறம்தான் மாட்டணும். கடையிலிருந்து வரும்போது அந்தத் திருகு எங்கே நிற்கும்னு யாருக்கும் தெரியாது.

சர்வோ போர்டில் ஒரு பெரிய எலெக்ட்ரோலிடிக் கப்பாசிட்டருக்கு இடம் விட்டிருப்பார்கள், மலிவான சில போர்டுகளில் அந்த இடம் காலியா இருக்கும். சர்வோவுக்கு 100 மைக்ரோஃபாரட் என்பது நல்ல தொடக்கக் கணக்கு. ஆறுக்கு 600, கடையில் கிடைக்கும் அளவில் 680 அல்லது 1000, 16 வோல்ட் ரேட்டிங்கில் வாங்குங்க. உடம்பில் கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். மாற்றி மாட்டினால் வெடிக்கும்.

இன்னொன்று, இது என் அபிப்பிராயம். அந்தச் சின்ன போர்டில் உள்ள செம்புத் தடம் வழியா 10 ஆம்பியர் தொடர்ந்து போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெரிய சர்வோ மூன்றின் சிவப்பு, பழுப்பு வயர்களை நேரா யூபிஇசியிலிருந்து வரும் தடித்த வயரோடு சேர்த்துவிட்டு, ஆரஞ்சு நிற சிக்னல் வயரை மட்டும் போர்டில் மாட்டுவேன். யூபிஇசியின் மைனஸிலிருந்து போர்டின் மைனஸுக்கு ஒரு வயர் கண்டிப்பா இருக்கணும்.

ஃப்யூஸ் யாரைக் காப்பாற்றுது?

இந்த எபிசோடில் ஒரு விஷயம்தான் ஞாபகம் இருக்கும் என்றால் அது இதுவா இருக்கட்டும். வீட்டு 230 வோல்ட்டைக் கண்டு பயப்படுகிற நாம், 7.4 வோல்ட்டைக் கண்டு பயப்படுவதில்லை. தொட்டால் ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனா தீ வைக்க வோல்ட் தேவையில்லை, ஆம்பியர் போதும்.

2200 மில்லிஆம்பியர் மணி, 25சி என்று எழுதின பேட்டரியை எடுங்க. 2.2 ஐ 25 ஆல் பெருக்கினால் 55. அதாவது 55 ஆம்பியர் கொடுக்கத் தயார் என்று அதுவே சொல்லிக்கொள்கிறது. ஷார்ட் ஆனால் இதுக்கும் மேல. உள்மின்தடை எல்லாம் சேர்த்து 40 மில்லிஓம் என்று வைத்தால், 8.4 வகுத்தல் 0.04, 200 ஆம்பியருக்கு மேல. வீட்டு எம்சிபி மாதிரி டிரிப் ஆக உள்ளே எதுவும் கிடையாது. சாதாரண ஆர்சி லித்தியம் பாலிமர் பேக்குகளில் பாதுகாப்பு சர்க்யூட் வைப்பதில்லை. வயரின் பிளாஸ்டிக் உருகும், பக்கத்து வயரும் உருகும், பேட்டரி உப்பும், அதுக்கு மேல தீ.

அதனால ஃப்யூஸ். நிறைய பேர் ஃப்யூஸ் சர்வோவைக் காப்பாற்றும்னு நினைக்கிறாங்க. சர்வோ எரிந்த பிறகுதான் பல நேரம் ஃப்யூஸ் போகும். அது காப்பாற்றுவது வயரையும், அதன் மூலமா உங்க வீட்டையும். ஆகவே அதன் இடம் பேட்டரியின் பாசிட்டிவ் வயரில், பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில். ஃப்யூஸுக்கு முன்னால் உள்ள வயருக்குப் பாதுகாப்பே கிடையாது, அதனால அது குட்டையா இருக்கணும்.

எத்தனை ஆம்பியர்? யூபிஇசி 6 வோல்ட்டில் 10 ஆம்பியர் கொடுத்தால் 60 வாட். நடுவில் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரி பக்கம் 9 ஆம்பியர் சொச்சம். 10 ஆம்பியர் ஃப்யூஸ் சரி. பைக், கார் ஸ்பேர் கடையில் கிடைக்கும் சிவப்பு நிற பிளேடு ஃப்யூஸும், வயரோடு வரும் அதன் ஹோல்டரும் போதும். 10ஐத் தாண்டின நொடியே ஃப்யூஸ் போகாது, கொஞ்சம் தாண்டினால் நிமிஷக்கணக்கில்கூட தாங்கும். அதனால வயர் ஃப்யூஸைவிடக் கூடுதலா தாங்கணும். 1 சதுர மில்லிமீட்டர் வயர் எடுங்க. ஃப்யூஸ் போயிடுச்சுன்னு 20 ஆம்பியர் ஃப்யூஸை மாட்டினால், இனிமேல் ஃப்யூஸ் வேலையை வயர் செய்யும்.

பிரெட்போர்டும் ஜம்பர் வயரும் சிக்னலுக்கு மட்டும்தான். பிரெட்போர்டின் உள்ளே உள்ள கிளிப்புகள் ஒரு ஆம்பியர் அளவுக்குத்தான். ஒரு சாதாரண 20 சென்டிமீட்டர் ஜம்பர் ஜோடியில் 5 ஆம்பியர் ஓட்டினால் போக வர கிட்டத்தட்ட அரை வோல்ட் வயரிலேயே போயிடும். போன அரை வோல்ட் சூடாத்தான் வெளியே வரும்.

கன்னெக்டர் விஷயத்தில் ஒரு வழக்கம் உண்டு. எக்ஸ்டி60 மாதிரி கன்னெக்டரில், உலோகம் உள்ளே மறைந்திருக்கும் பெண் பக்கம் பேட்டரிக்கு. நீட்டிக்கொண்டிருக்கும் ஆண் பின் ரோபோ பக்கம். மாட்டாமல் கிடக்கும்போதும் மின்சாரம் இருப்பது பேட்டரி பக்கம்தானே, அங்கே உலோகம் வெளியே தெரியக் கூடாது. பேட்டரியின் கன்னெக்டரை மாற்றணும்னா இரண்டு வயரையும் கட்டரால் ஒன்றா வெட்டாதீங்க. கட்டரின் வாய்தான் அப்ப ஷார்ட். ஒரு வயரை வெட்டி, சால்டர் பண்ணி, ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடின பிறகுதான் அடுத்த வயரைத் தொடணும்.

முதல் தடவை ஆன் பண்ணும்போது

பேட்டரி மாட்டாமல், ரோபோ பக்க கன்னெக்டரின் இரண்டு பின்னுக்கும் நடுவில் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைங்க. கப்பாசிட்டரால் ஒரு கணம் பீப் வரலாம். தொடர்ந்து பீப் அடித்தால் எங்கேயோ ஷார்ட், அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போக வேண்டாம்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த வித்தை. 12 வோல்ட், 21 வாட் வண்டி பல்பு ஒன்றை, பேட்டரிக்கும் ரோபோவுக்கும் நடுவில், பாசிட்டிவ் வயரில் தொடரா வைங்க. வயரிங் சரியா இருந்தால் பல்பு ஒரு தடவை மினுக்கிவிட்டு அணையும், அது கப்பாசிட்டர் நிரம்புவது. ஷார்ட் இருந்தால் பல்பு நின்று எரியும். 200 ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் ஒன்றரை ஆம்பியர்கூட போகாது, எதுவும் உருகாது. பல்பு எரியுதேன்னு பார்த்துட்டு நிதானமா பேட்டரியைக் கழற்றலாம். ஸ்பேர் கடைப் பல்புதான், பெஞ்ச் பவர் சப்ளை வாங்க முடியாதவங்களுக்கு இதைவிட நல்ல காவலாள் கிடைக்காது.

பல்பு அணைந்த பிறகு அதை எடுத்துவிட்டு, யூபிஇசி வெளியீட்டை அளந்து 6 வோல்ட் இருக்கான்னு உறுதி பண்ணி, ஒரு சர்வோ மாட்டுங்க. ஓடினால் இன்னொன்று. ஒவ்வொரு மாட்டலுக்கும் நடுவில் பேட்டரியைக் கழற்றணும். சர்வோ கன்னெக்டரில் தலைகீழா மாட்டுவதைத் தடுக்கும் அமைப்பு எதுவும் கிடையாது, அதனால கண்ணால் நிறம் பார்த்து மாட்டுங்க. பேட்டரி பக்கம், கை எட்டும் இடத்தில், ஒரு சுவிட்ச் வைங்க. ஓஇ பின்னை வைத்து கோடிலேயே நிறுத்தலாமேன்னு கேட்பீங்க. அது சிக்னலைத்தான் நிறுத்தும், மின்சாரம் அப்படியே இருக்கும்.

கோடு பக்கம் ரெண்டு விஷயம். பிசிஏ9685 ஆன் ஆகும்போது நீங்க சொல்லும் வரை எந்த சேனலிலும் துடிப்பு அனுப்பாது. இதைப் பயன்படுத்திக்கோங்க. செட்டப்பில் ஆறு சர்வோவையும் ஒரே மூச்சில் எழுப்பாமல், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் அரை செகண்ட் விடுங்க. தொடக்கக் கூர்முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. அப்புறம் பிடி. ஒரு பொருளைப் பிடித்த பிறகும் முழுசா மூடு என்று கோணம் கொடுத்துவிட்டால், அந்த சர்வோ பொருளை விடும் வரை ஸ்டாலிலேயே நிற்கும். பொருளைத் தொட்ட கோணத்துக்கு மேல ரெண்டு மூணு டிகிரி போதும். பிடி சர்வோ அடிக்கடி எரிவதற்கு நான் பார்த்த வரைக்கும் இதுதான் காரணம்.

கடைசியா பேட்டரி பராமரிப்பு, சுருக்கமா. செல்லுக்கு 3.5 வோல்ட்டுக்குக் கீழே ஓட்டாதீங்க. பேலன்ஸ் கன்னெக்டரில் செருகும் சின்ன பஸர் கிடைக்கும், அதை 3.5க்கு வைத்துவிட்டால் கத்தும். சார்ஜுக்கு பேலன்ஸ் சார்ஜர்தான், தூங்கும்போது வேண்டாம், மெத்தை மேல வேண்டாம், சிமெண்ட் தரை அல்லது டைல்ஸ் மேல வைங்க. உப்பின பேட்டரியை சார்ஜ் பண்ணவே கூடாது. பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த 18650 செல்லைப் பயன்படுத்தலாமான்னு கேட்டிருந்தாங்க. எவ்வளவு கரண்ட் தாங்கும்னு தெரியாத செல்லை 10 ஆம்பியர் வேலைக்கு நான் வைக்க மாட்டேன். 9900 மில்லிஆம்பியர் மணி என்று எழுதின புது 18650 அதைவிட மோசம், அந்த அளவு செல்லில் அவ்வளவு கொள்ளாது. ஒரு வாரத்துக்கு மேல ரோபோவைத் தொடப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி, செல்லுக்கு 3.8 வோல்ட்டில், அதாவது மொத்தம் 7.6இல் வைத்துவிடுங்க.

அடுத்த எபிசோடில் இதே கைக்கு இன்வர்ஸ் கினிமேட்டிக்ஸ். அதுக்குள்ள வயரிங் படம் எடுத்து அனுப்புறவங்க, ஃப்யூஸ் தெரியுற மாதிரி எடுத்து அனுப்புங்க.